கப்பலில் ஏறிய நியமங்கள்

ஊர் திரும்பிய மறு வாரம், ஜினாலயத்தில் அபிஷேகம் முடிந்து பிராகாரத்தில் அமர்ந்திருந்தபோது, நம்மினும் மூத்த அம்மையார் ஒருவர் நம்மை வினவினார்: "மாடி மாடியாகக் கட்டிய கப்பலில் எட்டு நாள் சுற்றி வந்தீர்களாமே, நித்திய நியமங்கள் என்னாயின?" சிறிதும் யோசியாமல் விடை கூறினோம்: "ஒன்றும் குறையவில்லை அம்மா. சாமாயிகம், நூல் ஓதுதல், இரவுண்ணாமை எல்லாம் முறையாக நடந்தன." அவர் மகிழ்ந்துபோய், அருகிலிருந்த இளம்பெண்களிடம் நம்மை எடுத்துக்காட்டாகவே சொல்லிவிட்டார். பொய் ஒன்றும் சொல்லவில்லை. ஆயினும் அந்தப் பாராட்டு முள்ளாய்த் தைத்தது. உல்லாசப் பயணம் செல்லுமிடத்தில் சமயக் கடமைகளைச் செய்து முடித்துவிட்டால், பயணமும் குற்றமற்றதாகி விடுமா? நம் குடும்பங்களில் பாதிக்கு மேல் பிள்ளைகள் கடல் கடந்து வாழும் இக்காலத்தில், இவ்வினா நம் ஒருவருக்கு மட்டும் உரியதன்று என்று கருதியே இதனை எழுதுகிறோம்.

2024 ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், அமெரிக்காவில் வாழும் மகன் குடும்பத்தோடு சியாட்டில் துறைமுகத்திலிருந்து அலாஸ்காவுக்குப் புறப்பட்டோம். சனிக்கிழமை ஏறி அடுத்த சனிக்கிழமை இறங்குவது பயணத் திட்டம். சீட்டு வாங்கிய பிறகே பஞ்சாங்கத்தைப் பார்த்தோம். ஆஷாட மாதத்து நந்தீசுவர அஷ்டானிகம் அந்த ஞாயிற்றுக்கிழமை தொடங்குகிறது! அட்டமி முதல் பௌர்ணமி வரையுள்ள எட்டு நாள்களில் ஏழு நாள்கள் கடலிலேயே கழியப் போகின்றன. ஊரில் இருந்தால் பூசையும் நோன்புமாகப் போகும் நாள்கள் அவை. மகனிடம் சொன்னபோது, பிள்ளையின் கோடை விடுமுறைக்கு ஏற்பத் தேதி குறித்ததாகவும், கட்டிய பணத்தைத் திரும்பப் பெற இயலாதென்றும் வருந்தினான். வருத்தம் உண்மையானது. நாமும், மனம் இருந்தால் எங்கும் பூசைதான் என்று தேற்றினோம். தேற்றியது அவனையா, நம்மையா என்பது இன்றும் விளங்கவில்லை.

அவ்வகைக் கப்பல்களில் சமயக் கூட்டங்கள் நடைபெறுவது புதிதன்று. ஞாயிறு காலையில் கிறித்துவர்களின் பொது வழிபாடு உண்டு. சில கப்பல்களில் கத்தோலிக்கப் பாதிரியார் ஒருவரும் உடன் வருவார். நாம் சென்ற கப்பலில் வந்திருந்தார். வெள்ளி மாலையில் யூதர்கள் ஒரு சிற்றறையில் கூடித் தம் ஓய்வுநாளை வரவேற்பர். தீ விபத்துக்கு அஞ்சிக் கப்பலில் சுடர் ஏற்ற விடுவதில்லையாதலால், மெழுகுவர்த்திக்கு மாற்றாக மின் விளக்குகளை வைத்துக்கொள்கின்றனர். இவையெல்லாம் அறைக் கதவில் நாள்தோறும் செருகப்படும் நிகழ்ச்சித் தாளில் அச்சிடப்பட்டிருக்கும். பன்னிரண்டு வயதுப் பேரன் அத்தாளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பாட்டி, எல்லாருக்கும் ஒரு நேரம் போட்டிருக்கிறதே, நமக்கு ஏன் ஒன்றுமில்லை?" என்றான்.

கேட்டால் கிடைக்கும் என்று மருமகள் சொல்ல, வரவேற்பு மேசையில் கேட்டோம். மறுநாள் தாளில் 'ஜைனர் பிரார்த்தனை, சீட்டாட்ட அறை, காலை 9 மணி' என்று அச்சாகி வந்தது. ஏழு வியசனங்களில் முதலாவதாகிய சூதின் பெயரால் அமைந்த அறையில் பஞ்ச நமஸ்காரம்! அவ்வறைக்குச் செல்லும் வழியோ சூதாட்டக் கூடத்தின் நடுவே. சிரிப்பதா வருந்துவதா என்று அறியாமல், பச்சைத் துணி விரித்த மேசைகளைச் சுவரோரம் நகர்த்திவிட்டுத் தரையில் விரிப்பிட்டு அமர்ந்தோம். குஜராத்தியர் குடும்பங்கள் இரண்டு வந்தன. அவர்கள் சுவேதாம்பரர். ஆக ஒன்பது பேர். பிரதிமை இல்லை, தீபம் இல்லை, அபிஷேக நீர் இல்லை. திரவிய பூசைக்கு வழியில்லாத இடத்தில் பாவ பூசை என்று நம் ஆசாரியர்கள் வகுத்து வைத்தது எத்துணைப் பெரிய உதவி என்பதை அன்று உணர்ந்தோம்.

பிள்ளைகளுக்கு நந்தீசுவர தீவைப் பற்றிச் சொன்னோம். ஜம்புத் தீவிலிருந்து எண்ண எட்டாவது தீவு அது. அங்கே யாரும் கட்டாத, தாமே என்றும் உள்ள ஐம்பத்திரண்டு ஜினாலயங்கள் உள்ளன. மக்கள் வாழ்வது இரண்டரைத் தீவுகளில். மானுஷோத்தர மலையைத் தாண்டி மனிதர் எவரும் செல்லவியலாது. ஆகவே அவ்வெட்டு நாள்களிலும் தேவர்கள் அங்கே சென்று வழிபட, நாம் இருந்த இடத்திலிருந்தே வணங்குகிறோம். சொல்லிக்கொண்டிருக்கும்போதே குரல் சற்றுத் தடுமாறிற்று. போக முடியாத தீவை இருந்த இடத்திலிருந்து வணங்கும் நோன்பு நாளில், போக வேண்டிய தேவை சிறிதுமில்லாத தீவுகளை நோக்கி நாம் போய்க்கொண்டிருந்தோம். சன்னலுக்கு வெளியே அவை ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்தன.

ஞாயிறன்று கிறித்துவர் வழிபாட்டிற்கும் சென்றிருந்தோம். உணவு மேசையில் பழக்கமான ஒரு மூதாட்டி, அவரும் ஓய்வுபெற்ற ஆசிரியையே, அன்போடு அழைத்தார். பின்வரிசையில் அமர்ந்தோம். அவர்கள் எழுந்தபோது எழுந்தோம். பாடியபோது வாய் சேர்க்கவில்லை. இது நற்காட்சிக்குப் பழுதாகாதா என்று சிலர் கேட்கக்கூடும். உலக மூடம், தேவ மூடம், பாசண்டி மூடம் எனச் சாவக நூல்கள் கூறும் மூன்றையும் எண்ணிப் பார்த்தால், வரம் வேண்டியும் பயன் கருதியும் ஆராயாமல் வணங்குவதே அங்குக் கடியப்படுகிறது. ஒருவர் தம் உயிரினும் மேலாக மதிக்கும் ஒன்றை அவர் அழைக்க, அருகிருந்து பார்ப்பது அவருக்குச் செய்யும் மரியாதை. ஆனால் வெளியே வந்ததும் மகன், "எல்லாம் ஒன்றுதானே அம்மா, அனேகாந்தம் அதைத்தானே சொல்கிறது?" என்றபோது நாம் ஒப்பவில்லை. எல்லாம் ஒன்று என்பது அனேகாந்தம் அன்று. ஒவ்வொன்றும் எந்த நோக்கில் எவ்வாறு உண்மை என்று உழைத்துப் பார்ப்பது அனேகாந்தம். சோம்பலுக்கு அப்பெயரைச் சூட்டலாகாது. அது தனியே எழுத வேண்டிய பொருள், இங்கு விடுகிறோம்.

நம்மை உண்மையாகவே திகைக்க வைத்தவன் பேரன். நாள்தோறும் விடியலில் மேல்தளத்து மூலையில் ஒரு முகூர்த்தம், அதாவது நாற்பத்தெட்டு நிமிடம், சாமாயிகத்தில் அமர்வோம். இவ்விடம் விட்டு அசையேன் என்று இடமும் காலமும் வரையறுத்துக்கொண்டு அமர்வதே அதன் முறை. மூன்றாம் நாள் அருகிலேயே காத்திருந்தவன், நாம் எழுந்ததும் கைக்கடிகாரத்தைக் காட்டி, "பாட்டி, நீங்கள் அசையாமல் உட்கார்ந்திருந்த நேரத்தில் கப்பல் இருபத்தைந்து கிலோமீட்டருக்கு மேல் போய்விட்டது" என்றான். கப்பலின் வேகத்தை அறைத் தொலைக்காட்சியில் பார்த்துக் கணக்குப் போட்டிருக்கிறான். முப்பத்தைந்து ஆண்டுகள் வகுப்பறையில் நின்ற நமக்கு, விடை தெரியாத வினாவைக் கேட்கும் மாணவன் மீது தனி அன்பு உண்டு. அன்று அன்போடு அச்சமும் வந்தது.

உடல் அசையவில்லை, உடலைச் சுமந்தது அசைந்தது, அதனால் குற்றமில்லை என்று சொல்லியிருக்கலாம். இரயிலில் காசிக்கும் சம்மேத சிகரத்திற்கும் செல்லும்போது நம்மவர் சாமாயிகம் செய்யாமலா இருக்கின்றனர்? ஆனால் நம் நூல்கள் வினையை மூன்றாகப் பார்க்கின்றன: தான் செய்தல், பிறரால் செய்வித்தல், செய்வதற்கு உடன்படல். அந்தக் கப்பல் தானே ஓடவில்லை. நம்மைப் போன்ற ஆயிரக்கணக்கானோர் சீட்டு வாங்கியதால் ஓடுகிறது. யாத்திரையும் வாணிகமும் நோக்கமுடையவை. சீவக சிந்தாமணியில் சீதத்தன் பொருளீட்டவே கடலேறினான். நூலாசிரியர் அதனைக் குறை கூறவில்லை. அனர்த்த தண்டத்தின் வகைகளுள் ஒன்றாகிய பிரமாத சரியையை விளக்கும்போது, பயனின்றி நிலத்தைத் தோண்டுதல், நீரைக் கலக்குதல், தீ மூட்டுதல், செடிகொடிகளை முறித்தல் என்பவற்றோடு, பயனின்றித் திரிதலையும் பிறரைத் திரிவித்தலையும் இரத்தின கரண்டகத்தில் சமந்தபத்திராசாரியார் சேர்த்தே வைத்திருக்கிறார். உல்லாசக் கப்பல் இவற்றுள் பலவற்றையும் ஒருங்கே செய்வது. அதன் மேல்தளத்தில் நாம் சமநிலை பயின்றுகொண்டிருந்தோம்.

இரவுண்ணாமையின் கதை வேறுவகை. ஜூலை நடுவில் ஜூனோ நகரில் கதிரவன் மறைய இரவு பத்து மணிக்குச் சில நிமிடங்களே குறையும். "இங்கு உன் விரதத்திற்கு விடுமுறை அம்மா, மூன்று முறை இரவுணவு உண்ணலாம்" என்று மகன் நகைத்தான். எழுத்தளவில் அவன் சொன்னது சரியே. அதே ஊரில் மார்கழியில் மாலை மூன்றேகாலுக்குள் கதிரவன் மறைந்துவிடும் என்பதையும் அவனுக்கு நினைவூட்டினோம். சூரியனை நம்பி எடுத்த விரதம், சூரியன் நம் பக்கம் சாயும்போது முயற்சியே இல்லாமல் நிறைவேறுகிறது. முயற்சி இல்லாதபோது அடக்கம் எங்கே? ஆகவே ஊரில் உண்பது போலவே மாலை ஆறு மணிக்குள் உண்டு முடிப்பதென்று எல்லை வகுத்துக்கொண்டோம். அதில் ஒரு பெருமிதமும் இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அப்பெருமிதத்தைப் போக்கியவர் ஒரு சமையற்கார இளைஞர்.

தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரை ஊரினர் அவர். தமிழ்ப் பாட்டி ஒருவர் வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு இரண்டாம் நாளே தேடி வந்து வணங்கினார். கிழங்கும் வெங்காயமும் பூண்டும் இல்லாத சமையல் என்றதும், "நான் பார்த்துக்கொள்கிறேன் அம்மா" என்றார். அன்று முதல் மாலை ஐந்தரைக்கு நம் மேசைக்குத் தனியே வந்தது சூடான சோறு, பாசிப்பருப்புக் கூட்டு, பூசணிக்காய்ப் பொரியல். குஜராத்தியருக்கும் அதுவே விருந்தாயிற்று. அயல் கடலில் இப்படி ஓர் உணவா என்று மருமகளிடம் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தோம். ஐந்தாம் நாள் பிற்பகல் அவரைப் படிக்கட்டில் கண்டோம், கண்கள் சிவந்திருந்தன. உடல்நலமில்லையா என்று கேட்டதற்கு, "இல்லை அம்மா, தூக்கம்தான். இந்த நேரம்தான் எங்களுக்கு ஓய்வு. உங்கள் சமையலை இப்போது முடித்தால்தான் ஐந்தரைக்குத் தர முடியும்" என்றார். யாரும் பணித்ததில்லையாம், அவராகவே செய்தாராம்.

கப்பல் தொழிலாளருக்கு இருபத்து நான்கு மணி நேரத்தில் பத்து மணி நேரமேனும் ஓய்வு வேண்டும் என்று 2006 ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை கூறுகிறது. அந்தப் பத்து மணியையும் இரண்டாகப் பிரித்துத் தரலாம். ஒரு பகுதி ஆறு மணிக்குக் குறையாமல் இருந்தால் போதும். பகலுணவுக்கும் இரவுணவுக்கும் இடையே கிடைக்கும் அந்தச் சிறு பகுதியைத்தான் நாம் நான்கு நாளாக உண்டு வந்தோம்.

ஞாயிற்று வழிபாட்டுக்கு அவர் வரவில்லையே என்று பேச்சுவாக்கில் கேட்டோம். "அது விருந்தினருக்கு அம்மா. எங்களுக்குப் பூசை ராத்திரி பதினொன்றரைக்கு, வேலை முடிந்த பிறகு. சாமியார் எங்களுக்காக விழித்திருந்து வைக்கிறார். பிலிப்பைன்ஸ்காரர், கோவாக்காரர், நாங்கள் ஒரு சிலர். பாதிப் பேர் நின்றபடியே தூங்குவோம்" என்று சிரித்தார். நள்ளிரவில், கால் கடுக்க, பணியுடையோடு நின்று தம் கடவுளை வணங்கும் அந்த இளைஞர்களை எண்ணினோம். காலைக் காற்றில் கம்பளி போர்த்து அமர்ந்த நம் சாமாயிகத்தையும் எண்ணினோம்.

தேசாவகாசிக விரதத்திற்கு ஐந்து அதிசாரங்கள் சொல்லப்பட்டுள்ளன. தான் வகுத்த எல்லைக்குள்ளேயே இருந்துகொண்டு, எல்லைக்கு வெளியே உள்ளதை வருவித்தல் ஒன்று. பணியாளை ஏவுதல் மற்றொன்று. குரல் காட்டுதல், உருக் காட்டுதல், கல் முதலியன எறிந்து குறிப்பு உணர்த்துதல் என்பன ஏனையவை. இளமையில் இவற்றை மனப்பாடம் செய்தபோது, யாரப்பா இப்படிக் கல்லெறிந்து விரதத்தை ஏமாற்றுவார் என்று தோழியரோடு சிரித்திருக்கிறோம். பழங்காலத்து ஆசாரியர்கள் மனித மனத்தை எவ்வளவு அணுக்கமாகப் பார்த்திருக்கிறார்கள்! நாம் எல்லையைத் தாண்டவில்லை. ஆறு மணிக்கு மேல் ஒரு பருக்கையும் உண்ணவில்லை. நமக்காக ஒருவர் தம் உறக்கத்தின் எல்லையைத் தாண்டிக்கொண்டிருந்தார். அவரை நாம் ஏவவும் இல்லை. ஏவாமலே அவர் செய்ததைச் சூடாக இருக்கிறதே என்று மகிழ்ந்து உண்டோம். அதற்குத்தான் உடன்பாடு என்று பெயர்.

அன்று மாலை முதல் தயிரும் வெறுஞ்சோறும் பழமும் போதும் என்று சொல்லிவிட்டோம். அவர் மனம் வருந்தினார். ஏதோ குறை நேர்ந்ததென்று எண்ணிவிட்டார். விளக்கிச் சொல்லத் தெரியவில்லை. தொண்டின் மகிழ்ச்சியையும் அவரிடமிருந்து பறித்துவிட்டோமோ என்ற ஐயம் இன்னும் இருக்கிறது. செய்ததற்குத் தீர்வு என்று இதனைக் கொள்ளவும் மனம் வரவில்லை. நம் அறையைக் கூட்டியவரும், படுக்கை விரித்தவரும், அடித்தளத்தில் எந்திரங்களோடு நின்றவர்களும் இருந்தார்களே! அவர்களுடைய உறக்கத்திற்குத் தயிர்சோறு ஈடாகுமா?

ஒரு நாள் கப்பல் கிளேசியர் பே என்னும் பனியாற்று விரிகுடாவினுள் நுழைந்தது. மலைபோன்ற பனிச்சுவர்கள் கடலை வந்து தொடுகின்றன. அங்கே தேசியப் பூங்காவின் ஆணைப்படி நாளொன்றுக்கு இரண்டு பெரும் பயணக் கப்பல்களுக்குமேல் நுழையலாகாது. கூன்முதுகுத் திமிங்கிலங்கள் கூடும் நீர்ப்பரப்பில் வேகத்தையும் குறைக்க வேண்டும். சில வேளைகளில் பதின்மூன்று நாட்டுக்கு, அதாவது மணிக்கு இருபத்து நான்கு கிலோமீட்டருக்கு மேல் செல்லலாகாது. மோதினால் திமிங்கிலம் மாயும். இரைச்சலும் அவற்றை அலைக்கழிக்கும். ஜூனோ நகரத்தாரும் நாளொன்றுக்கு ஐந்து பெருங்கப்பல்களே வரலாமென்று கப்பல் நிறுவனங்களோடு உடன்பாடு செய்து, அது 2024 ஆம் ஆண்டு முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. தளத்து ஒலிபெருக்கியில் பூங்கா அலுவலர் இவற்றையெல்லாம் விளக்கியபோது நமக்கு ஒரு வியப்பு. திக்கு விரதமும் தேச விரதமும் வேறென்ன? இவ்வளவு தூரம், இத்தனை முறை, இந்த வேகம், இதற்கு மேல் இல்லை. கப்பலுக்கு எல்லை இருந்தது. அதில் ஏறிய நமக்குத்தான் இல்லை.

நம் மாமியாருக்கு இருந்தது. ஐம்பது வயதில் முனிவர் ஒருவரிடம் திக்கு விரதம் ஏற்றவர் அவர். வடக்கே இமயமலை, மற்ற மூன்று திசைகளிலும் கடல், கீழே வீட்டுக் கிணற்றின் ஆழம், மேலே சம்மேத சிகரத்தின் உயரம். சிகர யாத்திரை ஒன்று பாக்கி இருந்ததால், அதற்கு இடம் விட்டே எல்லை வகுத்தார் என்று மாமனார் கேலி செய்வார். ஒருமுறை புதுவைக் கடற்கரைக்கு அழைத்துச் சென்றோம். குழந்தைகள் அலையில் குதித்துக் கூவினர். அவர் ஈரமணல் தொடங்கும் இடத்திற்கு ஒரு முழம் இப்பால் நின்றுவிட்டார். "கால் நனைத்தால் என்ன அத்தை?" என்றோம். "எல்லை கடல் என்று சொன்னேன். அலை எதுவரை வருகிறதோ அதுவரை கடல்தானே?" என்றார். இத்தனை நுணுக்கம் வேண்டுமா என்று அன்று உள்ளூரச் சலித்துக்கொண்டோம். விரதம் எடுத்தவர் எல்லைக்கு வெளியே எந்தச் சிறு தீங்கையும் செய்யாராதலின், அவ்வெளியைப் பொறுத்தவரை இல்லறத்தாரின் அணுவிரதமே மகாவிரதம் போல் ஆகிவிடுகிறது என்று நூல்கள் கூறும். அந்த ஒரு முழ மணலுக்கு அப்பால் இருந்த கடல் முழுவதற்கும், அதிலுள்ள உயிர்கள் அனைத்திற்கும், அத்தை அன்று அடைக்கலம் கொடுத்துவிட்டு நின்றார். நாம்தான் அதை அறியவில்லை.

அந்த விரதத்தை நாமும் ஏற்றுக்கொள்ளலாம் என்று பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறோம். பணி ஓய்வு பெறட்டும் என்றோம். பிறகு பிள்ளைகள் நிலைபெறட்டும் என்றோம். இப்போது எழுபதைக் கடந்தாயிற்று.

ஊர் திரும்பியபின் மகனுக்கு இவை அனைத்தையும் நீண்ட கடிதமாக எழுதினோம். அவன் தொலைபேசியில் அழைத்துப் பொறுமையோடு பேசினான். இனி இத்தகைய பயணத்திற்கு அழைப்பதில்லை என்றான். பேரன் குறுக்கிட்டு, "பாட்டி, எல்லை போடும்போது எங்கள் ஊரை உள்ளே வைப்பீர்களா, வெளியே வைப்பீர்களா?" என்று கேட்டான். இன்னும் சில ஆண்டுகளில் அவன் பள்ளிப்படிப்பை முடித்துப் பட்டம் பெறும் விழா ஒன்று உண்டாம், அதற்கு வரவேண்டுமாம். அத்தை சம்மேத சிகரத்திற்கு இடம் விட்டதைக் கேலி செய்த வீட்டில்தான் நாமும் சிரித்துக்கொண்டு இருந்தோம். ஆசாரியரைக் கண்டு விரதம் ஏற்க நாள் பார்க்க வேண்டும். மேற்கே எதுவரை என்று மட்டும் இன்னும் முடிவு செய்யவில்லை.